பிஸ்கட் டப்பாவில் ஒட்டிய முத்திரை

மார்ச் 3, செவ்வாய்

கீழ்வீட்டுத் தையல்காரர் வீட்டு மணியை இன்றும் அடித்துவிட்டு ஓடினேன். இன்றும் கதவு திறக்கவில்லை. முன்பெல்லாம் திட்டிக்கொண்டே துரத்தி வருவார்; இரண்டு மாதமாக இதே கதை. துரத்த ஆளில்லாத ஓட்டம் ஒரு ஓட்டமா? அது உடற்பயிற்சி. அதைப் பள்ளியிலேயே செய்யச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள்.

சாயங்காலம் சித்தியின் புது ஆசிலாஸ்கோப்பில் விளையாடினேன். கம்பிக்குள் மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. கடையில் இருந்ததிலேயே மலிவானது. அதன் ஊசி முனையைச் சும்மா விரலால் தொட்டேன். திரை முழுக்க மஞ்சள் அலை!

"அது நீ இல்லடி வாலு. சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட். உன் உடம்பு அதைப் பிடிச்சுக் காட்டுது" என்றாள் சித்தி.

நான் சுவரைத் தொடவே இல்லை. விரலை எடுத்தால் அலை படுத்துவிடுகிறது, வைத்தால் எழுகிறது. பதினைந்து வருஷமாக இது என் வழியாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். இருபது தடவை தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை அம்மா அப்பாவிடம் தனிச் செய்தியாகச் சொன்னாள்.

மார்ச் 5, வியாழன்

சித்தி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வேலை வந்திருக்கிறது. காது டாக்டர் ஒருவர் பழுதான காது கேட்கும் கருவிகள் ஆறு அனுப்பியிருக்கிறார், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பழைய வகை. பதினாறாம் தேதிக்குள் ஆறும் பேசினால் இனி அவரிடம் வரும் எல்லாப் பழுதும் சித்திக்கே. இல்லையென்றால் வேறு ஆள்.

சித்தியைப் பற்றி டாக்டரிடம் சொன்னதே கீழ்வீட்டுத் தையல்காரர்தானாம். ஆறில் ஒன்று அவருடையது. இரண்டு மாதமாகப் பழுது.

இரண்டு மாதம்.

ஓ.

மார்ச் 8, ஞாயிறு

ஆசிலாஸ்கோப் படுத்துவிட்டது. பாதி மட்டும். அதற்கு இரண்டு வழி, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். காது கருவிக்குள் போகும் சத்தம் மஞ்சளில், வெளியே வருவது நீலத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சத்தம் எங்கே சாகிறது என்று தெரியும். இப்போது நீலம் வெறும் நேர்கோடு. என் விரலுக்கும் மசியவில்லை.

வாங்கி மூன்று மாதம்தானே, வாரண்டிக்கு அனுப்பு என்கிறார் அப்பா. கம்பெனியில் கேட்டதற்கு, இலவசம், மூன்று வாரம் ஆகும், பின்பக்க முத்திரை கிழியாமல் இருக்க வேண்டும் என்றார்களாம். சித்தி திருப்புளியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "நானே திறந்து சரியாகலைன்னா டாக்டரும் போச்சு, பெட்டியும் போச்சு" என்றாள். கடைசியில் வாரண்டிதான். டாக்டரிடம் அவகாசம் கேட்கப் போகிறாள். நாளை மறுநாள் கூரியர் வருகிறது.

உத்தரவாதம்: உத்தரவு கம்பெனிக்கு, வாதம் நமக்கு. நல்ல ஜோக். சிரிப்புதான் வரவில்லை. அந்த முத்திரை இப்போது பெட்டியின் பின்னால் இல்லை. எங்கே இருக்கிறது என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

போன மாதம் ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தேன். 'உரித்தால் உத்தரவாதம் செல்லாது' என்று வெள்ளியில் பளபளவென்று இருந்தது. டப்பா மூடியில் ஒட்டினேன். அப்பா நாலு நாள் டப்பாவைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் நானே திறந்தபோது முத்திரை இரண்டாகக் கிழிந்தது. அப்போது சிரித்தேன். என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

பள்ளி விட்டு வந்து கணினியில் புதிதாக ஒன்று அச்சடித்தேன். அசல் மாதிரியே வந்திருக்கிறது. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கண்டுபிடித்தால்? மூன்று வாரம் கழித்துப் பெட்டி அப்படியே திரும்பி வரும். ஏமாற்றுக்காரி என்ற பெயர் எனக்கு வராது, சித்திக்கு வரும்.

கிழித்துப் போட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

டப்பாவைக் கொண்டுபோய் சித்தியின் மேசையில் வைத்தேன். மூடியைப் பார்த்தாள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். கூரியர்காரரைக் கையசைத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாரண்டி தீந்துபோச்சு. பிஸ்கட்டாவது இருக்கா?" என்றாள்.

உடைந்தது ஒன்று இருந்தது. பாதியை எனக்குக் கொடுத்தாள்.

மார்ச் 11, புதன்

திறந்தோம்.

நான் பேச்சு மறந்த இரண்டாவது நாள். பச்சைப் பலகையில் எள் அளவு பாகங்கள், ஆயிரமாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெள்ளையில் ஓர் எழுத்து, ஓர் எண். ஒரு எள்ளுக்கு ஒரு முகவரி! எங்கோ யாரோ உட்கார்ந்து இத்தனைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். எதுவும் கருகவில்லை, எதுவும் கழன்று தொங்கவில்லை. ஒரு மணி நேரம் லென்ஸும் கையுமாகத் தேடினோம்.

அடாப்டரில் ஓடும் பெட்டி, திறந்து வைத்தும் ஓட்டலாம் என்று சித்தி போட்டுப் பார்த்தாள். மஞ்சளின் குமிழைத் திருகினாள். நீலத்தின் குமிழைத் திருகினாள். திரையையே முறைத்தாள்.

"சித்தி, நீலம் பேசல."

"அதான் தெரியுதே."

"அது இல்ல. மஞ்சளைத் திருகுறப்ப நடுவுல டிக்குன்னு ஒரு சத்தம் வருது. நீலத்துல வரல."

மறுபடி திருகினாள். மஞ்சள்: டிக். நீலம்: மௌன விரதம். சித்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மணி அடித்துவிட்டு ஓடுகிறவளுக்குக் காலைவிடக் காதுதான் முக்கியம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

டிக் சொல்வது ரிலே. சர்க்கரைக் கட்டி அளவு வெள்ளைப் பெட்டி, சத்தம் போகிற பாதையை மாற்றிவிடும். நீலத்தின் ரிலேவுக்கு அடியில் லென்ஸ் வைத்தால், பலகையில் பதிந்த அதன் கம்பிக்கால் ஒன்றைச் சுற்றி முடி அளவு விரிசல். சண்டை போட்ட சொந்தக்காரர்கள் மாதிரி, ஒட்டியும் ஒட்டாமலும். கம்பெனியில் செய்யும்போதே பற்றவைப்பு சரியில்லை.

"அப்ப கம்பெனி தப்புதானே?"

"அவங்க தப்புதான். அதைக் கேக்குற உரிமையைத்தான் நீ பிஸ்கட்ல ஒட்டிட்டியே."

அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பற்றவைக்கும் சூட்டுக்கோலை விரிசலில் வைத்து எடுத்தாள். இரண்டு விநாடி. ஈயம் ஒரு கணம் கண்ணாடியாக மின்னி அடங்கியது. மறுபடி போட்டுத் திருகினாள்.

டிக்.

வலது விரலை மஞ்சள் ஊசியிலும் இடது விரலை நீல ஊசியிலும் வைத்தேன். இரண்டு அலை, ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. நான் அசையவில்லை. சித்தியும் சும்மா இரு என்று சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்து பேசுகின்றன. ஆறாவது தையல்காரருடையது. அதற்கு மட்டும் வாய் திறக்க மனமில்லை.

மார்ச் 16, திங்கள்

திறந்தது. ஆறும் போய்விட்டன.

மார்ச் 20, வெள்ளி

தையல்காரர் தன் கருவியை வாங்கப் போனபோது டாக்டர் அவரிடம் சித்திக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறாராம், வாங்கி வா என்றாள் சித்தி.

மணியை அடித்தேன். கால் தானாகத் திரும்பியது. பிடித்து நிறுத்தினேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கதவு திறந்தது. அவர் சட்டைப் பையில் கருவி, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி.

"ஏம்மா, இன்னைக்கு ஓடலையா?"

அவர் பெட்டியை நீட்டினார். கனமாக இருந்தது. பழுதுபார்க்கப் பதினோரு கருவி என்றார்.

பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "இன்னொரு தடவை அடி" என்றார்.

அடித்தேன். மணி ஓய்ந்த பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.