இரண்டு அளவுச் செருப்பு

வலியசாலை, செவ்வாய் இரவு

இன்று கோயில் வாசலில்தான் கவனித்தேன். என் மனைவி வலது காலில் தன் செருப்பும், இடது காலில் என்னுடைய பழைய செருப்பும் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் காலைக் காட்டச் சொன்னேன். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது.

"ஏன்னா, நின்னுண்டே சமைச்சா வீங்காதா? ஒரு வாரமா இப்படித்தான்."

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சத்தம் போட்டார். "காலில ரத்தம் கட்டியிருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கினா அன்னைக்கே வர வேண்டாமோ? மூச்சு முட்டுதா?"

என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "படியேறினா மட்டும்" என்றாள்.

ரத்தக்கட்டு நுரையீரலுக்கும் போயிருக்கலாம் என்று ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் அவளுடைய இடது செருப்பும் என் பழைய வலது செருப்பும் ஜோடியாகக் கிடக்கின்றன.