சட்டைப்பை வலது பக்கம்

மார்ச் 3

மாலுமிக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் போன மாதம் வீட்டுக்கு வராததற்குக் காய்ச்சல் என்றாவது ஒரு காரணம் சொல்லியிருப்பீர்கள். போனில் கேட்டால் இரண்டாவது கேள்விக்கே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால் கடிதம் எழுதுகிறேன். இதிலிருந்து நழுவ முடியாது.

கடைக்குச் சட்டம் போட ஒரு படம் பார்சலில் வந்திருக்கிறது. எண்ணெய் வண்ணம், இரண்டடிக்கு மூன்றடி. கடற்கரையோரம் ஒரு பாய்மரப் படகு, அதில் சுக்கானைப் பிடித்தபடி ஓர் ஆள். தொப்பி நிழலில் முகம் தெரியவில்லை. வரைந்தவன் சட்டைப்பையை வலது பக்கம் போட்டு வைத்திருக்கிறான், பாவம். ஆனால் தண்ணீரை மட்டும் எவனோ கைகாரன் வரைந்திருக்கிறான். வேலை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

வாடிக்கையாளர், சட்டத்தின் அடியில் ஒட்ட இடத்தின் பெயர் வேண்டும் என்கிறார். கரையை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். கடல் வரைபடம் வரைந்தே முடி நரைத்தவர் நீங்கள். இது எந்த இடம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள்
கடைக்காரி


மார்ச் 8

சட்டாம்பிள்ளைக்கு,

உன் தாள் கிடைத்தது. ஆபீசில் மேசை மேல் விரித்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் நாலு பேரும் டீயை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். வலது கோடியில் கலங்கரை விளக்கம், இடது கோடியில் அலைதடுப்புச் சுவர், நடுவில் குட்டையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. வடக்கெல்லையிலிருந்து தெற்கெல்லை வரை பதினெட்டு வரைபடங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டோம். இப்படி ஓர் இடம் நம் கரையில் கிடையவே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

வரைந்தவர் கற்பனையில் வரைந்திருப்பார். உன் வாடிக்கையாளரிடம் ‘கடலோரம்’ என்று பொதுவாக ஒட்டச் சொல். போன மாதம் ஆழம் அளக்கும் வேலை இழுத்துவிட்டது. இந்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

அன்புடன்
மாலுமி


மார்ச் 12

மாலுமிக்கு,

சத்தியம் யாரும் கேட்கவில்லையே, எதற்குச் செய்தீர்கள்?

நானும் ஒரு பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். எந்த வாடிக்கையாளரும் இடத்தின் பெயரைக் கேட்கவில்லை. பார்சலில் அனுப்பியவர் பெயரே இல்லை. ‘மர நிறச் சட்டம் போதும், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒரு துண்டுச்சீட்டு, அதுவும் கணினியில் அடித்தது. இடம் தெரிய வேண்டியது எனக்குத்தான்.

படத்தில் இருக்கும் ஒன்றை நான் உங்களுக்கு அனுப்பவில்லை. பாயின் நடுவில் ஒரு சிவப்பு ஒட்டு இருக்கிறது. கடை முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த கேன்வாஸில் மிச்சம் வெட்டி, துணி போதாமல் ஒரு மூலை கால்வாசி குறைந்து, நம் படகின் பாயில் என் கையால் நான் தைத்த ஒட்டு. உலகத்தில் வேறு எந்தப் பாயிலும் மூணேமுக்கால் மூலை ஒட்டு இருக்காது.

அடிப்பலகை வெடித்துவிட்டது, படகை மூடிப் போட்டு இரண்டு வருடமாகிறது என்றீர்களே. மூடிக் கிடக்கிற படகு எந்தக் கடலில் ஓடுகிறது? யார் ஓட்டுகிறார்? எதிரே உட்கார்ந்து பார்த்து வரைந்தது யார்?

கடைக்காரி


மார்ச் 17

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

இதற்கெல்லாமா கோபப்படுவது? படகைச் சரிபார்த்துப் பக்கத்து மேசைக்காரரிடம் இரவல் கொடுத்தேன். அவர் வடக்கே, மீன் ஐஸ் ஆலைக்குப் பின்னால் இருக்கும் முகத்துவாரத்தில் ஓட்டுவார். படம் அந்த இடமாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன், அவ்வளவுதான். இதைப் பெரிதாக்காதே.

இங்கே நல்ல வெயில். தோள்வலி பரவாயில்லை.

அன்புடன்
மாலுமி


மார்ச் 22

ஐயா,

உங்கள் பதினெட்டு வரைபடத்தில் ஒன்று என் கடைச் சுவரில் தொங்குகிறது. நீங்கள் முதல் பதவி உயர்வில் கொண்டுவந்து மாட்டியது. உங்கள் முகத்துவாரத்தை அதில் பார்த்தேன். அங்கே அலைதடுப்புச் சுவரே இல்லை. பொய் சொல்வதையாவது வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?

முந்தாநாள் ஒரு நிலைக்கண்ணாடி சட்டத்துக்கு வந்தது. சுவரோடு சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக்குள் அந்தப் படம் தெரிகிறது. சட்டைப்பை இடது பக்கம். இந்தக் கடைக்கு வருகிற படங்களில் பாதி செல்ஃபி. சில போனில் எடுத்தால் எல்லாம் இடம் வலமாகத்தான் விழும். உலகத்தில் எங்கே எடுத்தாலும் அப்படித்தான். யாரோ செல்ஃபி எடுத்து, அதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார்கள்.

நான் அனுப்பிய தாளை எடுங்கள். திருப்பிப் பின்பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். இருபத்தெட்டு வருடம் வரைபடம் போட்டவருக்கு இது தோன்றவில்லையே! கலங்கரை விளக்கம் இடது, சுவர் வலது, நடுவில் தொட்டி. உங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போகலாம், பழைய படகுத்துறைக்குத் தெற்கே இருக்கும் சின்ன வளைவு. சரிதானே?

செல்ஃபி என்றால் எடுத்த ஆள் முன்னால் இருக்க வேண்டும். படத்தில் முன்பக்க மூலை காலி. வெறும் தண்ணீர். ஆனால் படகின் தரையில் ஒரு ஜோடி செருப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். பெண்பிள்ளைச் செருப்பு.

சத்தம் போட மாட்டேன். கடையை மூடிவிட்டு அங்கே வந்து நிற்கவும் மாட்டேன். அவள் யார் என்று மட்டும் எழுதுங்கள். எழுதாவிட்டால் இனி இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

கடைக்காரி


மார்ச் 27

சட்டாம்பிள்ளைக்கு,

தாளைத் திருப்பிப் பார்த்தேன். தினமும் நான் பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிற கரை. முதல் கடிதத்தில் இடத்தைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. இரண்டாவதில் சொன்னது முழுப் பொய்.

அந்தச் செருப்பு நம் மகளுடையது.

நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று அவள் நின்ற அன்று, இனி என் முகத்தில் விழிக்காதே என்றாய். அவளைப் பார்த்தால் என்னைப் பார்க்க வேண்டாம் என்று என்னிடமும் சொன்னாய். நானும் சரி என்றேன். ஒரு வருடம் சொன்னபடி இருந்தேன். பிறகு ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். திருப்பி அனுப்ப என்னால் முடியவில்லை.

இரண்டு வருடமாக இங்கேதான், படகுத்துறைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறாள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறாள். ஞாயிற்றுக்கிழமை படகில் போவோம். உன்னைப் பார்க்க வராத வாரங்களும் அதனால்தான். படத்தை உனக்கு அனுப்பியது எனக்குத் தெரியாது. என்னிடம் காட்டியிருந்தால், எல்லாம் இடம் வலமாக இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருப்பேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவளை ஒன்றும் சொல்லாதே.

மாலுமி


ஏப்ரல் 2

உங்களுக்கு,

வேறொருத்தி என்றிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கு எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது? இரண்டு வருடம் நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள், சாப்பிட்டிருப்பீர்கள். நான் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு, ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் என்னை உறங்கவிடவில்லை. ஒரு மாதம் அந்தப் படம் என் மேசையில் கிடந்தது. துடைத்தேன், அளந்தேன், பூதக்கண்ணாடி வைத்துத் துப்பறிந்தேன். தண்ணீரை எவனோ கைகாரன் வரைந்திருக்கிறான் என்று உங்களுக்கே எழுதினேன். பெற்ற மகளின் கை எனக்குத் தெரியவில்லை. அவள் வரைந்த எதையும் நான் நின்று பார்த்ததே இல்லை, பிறகு எப்படித் தெரியும்?

நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். அங்கே வர எந்தப் பேருந்து என்று எழுதுங்கள். அவளிடம் சொல்லாதீர்கள்.

கடைக்காரி


ஏப்ரல் 6

அம்மா,

அப்பாவுக்கு ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாது. உன் கடிதத்தை மேசை மேல் விரித்து வைத்துவிட்டு, பதில் எழுதுகிறேன் என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அந்த மூலையில் என்னைத்தான் வரைந்திருந்தேன். நாலு தடவை வரைந்தேன். நான் இருந்தால் நீ பார்சலைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பிவிடுவாய் என்று பயந்து, நாலு தடவையும் மேலே தண்ணீரைப் பூசி மறைத்துவிட்டேன். நீ நல்லா இருக்கு என்று எழுதிய தண்ணீர் அதுதான். செருப்பு இருப்பதை நான் கவனிக்கவில்லை. நீ கவனிப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் துறைமுகப் பேருந்தில் ஏறு. கடைசி நிறுத்தத்தில் இறங்காதே, அதற்கு முந்தியதில் இறங்கு. பத்தே முக்காலுக்கு வந்துவிடும். நான் நிற்பேன், அப்பாவை அனுப்ப மாட்டேன்.

நான் நர்சிங்குக்குத் திரும்பிப் போக மாட்டேன். அதைப் பேசத்தான் வருகிறாய் என்றால், திரும்ப ஒரு மணிக்குப் பேருந்து இருக்கிறது. இல்லை என்றால் கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு. நீ எதில் போவாய் என்று தெரியாமல்தான் சமைக்கப் போகிறேன்.

மகள்