பொங்கல் சீராக வந்த எட்டாம் எண் பூட்ஸ் குறித்து என் மீதே நான் அளிக்கும் புகார்

அனுப்புநர்:
வே. கண்ணையன் (வயது 56),
கரும்பு விவசாயி,
பெரிய தெரு, காணை,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
களப்பணி அலுவலர் அவர்கள்,
மலையோர நில அளவைத் திட்டம்,
முகாம் அலுவலகம், திண்டிவனம்.

பொருள்: தற்காலிகக் களப் பணியாளர் கலைப்பிரியா நடைத்தேர்வில் 38 நிமிடம் தாமதமானது – தாமதத்துக்குக் காரணமானவர் மீது புகார் – மறுதேர்வு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத் தேர்வுச் சீட்டு, நாள் 21.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் வாழ்நாளில் எண்ணற்ற மனுக்கள் எழுதியிருக்கிறேன். எல்லாம் பிறர் மீது. குற்றவாளியை இவ்வளவு அருகில் வைத்துக்கொண்டு எழுதுவது இதுவே முதல் முறை. அவர் என் சட்டையைத்தான் போட்டிருக்கிறார்.

1. கலைப்பிரியா என் அக்காள் மகள். வயது இருபத்து மூன்று. நான்கு மாதமாகத் தங்கள் திட்டத்தில், காலையில் எங்கள் காணைப் பக்கத்துக் கரும்புச் சேற்றிலும், மதியத்துக்கு மேல் செஞ்சிப் பக்கத்துப் பாறைச் சரிவிலும் அளவைக் கோலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவள் நடந்தால் அவள் நிழலுக்கு மூச்சு வாங்கும். இதில் மிகை எதுவும் இல்லை. ஐயமிருந்தால் நிழலை நேரில் அழைத்து விசாரிக்கலாம்.

2. எட்டு கிலோ சுமையுடன் பதினான்கு கிலோமீட்டர் மலைப்பாதையை நான்கு மணி நேரத்தில் கடப்பவர்களுக்கே வேலை தொடரும் என்றும், கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம், அதை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் டிசம்பரில் தங்கள் அறிவிப்பு வந்தது. அந்தக் கடைசி வரியை அவள் என்னிடம் வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.

3. தாய்மாமன் என்பது தேர்தல் இல்லாமல் கிடைத்து ஆயுளுக்கும் நீடிக்கும் பதவி. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோவது அதன் தலையாய கடமை. வழக்கமான புடவைக்குப் பதில் இந்த ஆண்டு பூட்ஸ் என்று முடிவு செய்தேன். சீர் வாங்கப் போகையில் வாங்கிக்கொள்பவரைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே விழுப்புரத்துக் கடைக்கு, பட்டாபிஷேகத்துக்குப் போகிற மன்னனைப் போல், தன்னந்தனியாகப் போனேன்.

4. கடைக்காரர் எண் கேட்டார். அவள் கால் ஐந்து என்பது எனக்குத் தெரியும். ஆனால் தட்டில் வைத்தால் சீர் சிறுத்துத் தெரியக் கூடாதே. எட்டு என்றேன். முனையில் இரும்புக் கவசம் வைத்தது, வானூர்ப் பக்கம் கருங்கல் உடைக்கிறவர்கள் போடுவது. பளபளப்பில் முகம் பார்த்து மீசையைச் சரி செய்துகொண்டேன். எடை சொல்கிறேன்: பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், காணையில் இறங்கும்போது வண்டி ஓர் அடி மேலே எழும்பியது. ஒரு பூட்ஸில் நான்கு பேர் கொண்ட குடும்பம் குடக்கூலிக்கு இருக்கலாம். மற்றதில் மாடு கட்டிக்கொள்ளலாம்.

5. வெற்றிலை, பாக்கு, கரும்பு, வாழைப்பழத்தோடு பூட்ஸுக்குச் சந்தன குங்குமம் இட்டுத் தாம்பாளத்தில் ஏந்திப் போனேன். என் அக்காள், "ஏன்டா, பழத்துப் பக்கத்துல செருப்ப வெச்சிக்கினு வர்றியே, உனக்கு எப்பதான் புத்தி வரும்?" என்று வாசலிலேயே வரவேற்றார். பாதரட்சை என்று திருத்தினேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. கலைப்பிரியா காலை உள்ளே விட்டுப் பார்த்து, கொஞ்சம் பெரிசா இருக்குதே மாமா என்றாள். பெரிதாக இருந்தால்தான் நாள்பட உழைக்கும் என்றேன். அதோடு விட்டேனா? புதுச் சீரைக் கண்ட நாளில் போடாதே, தேர்வு அன்றைக்கு எடுத்துப் போடு, ராசி என்றேன். பழகாத பூட்ஸோடு மலையேற அனுப்பிய குற்றம் இதனால் தனியாகச் சேர்கிறது.

6. 21.01.2026 அன்று நடந்தது தங்கள் சீட்டில் இல்லை. ஏறும்போது குதிகால் தூக்கித் தூக்கி உரசியது. இறங்கும்போது கால் முன்னே சறுக்கி விரல்கள் இரும்பில் இடித்தன. ஒன்பதாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்துவிட்டது. பஞ்சைத் திணித்துக்கொண்டு மீதி ஐந்தையும் நடந்தே முடித்தாள். சீட்டில் "உடல்திறன் போதாது" என்று இருக்கிறது. அன்று மாலை காலுறையைக் கழற்ற வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை.

7. அவளைப் பார்க்க வந்தார் ஆரோக்கியசெல்வி. முகையூர்க்காரர், தங்கள் திட்டத்திலேயே பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள அளவைப் பணியாளர். பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சீரு குடுத்தது சரிங்கண்ணா. அவ கால வூட்லயே வுட்டுட்டு நீங்க மட்டும் ஏன் கடைக்குப் போனீங்க?"

ஐயா, நான் பூட்ஸை வாங்கித் துணிப்பையில் போட்டு மூடினேன்.

8. புண் ஆறியபின், 30.01.2026 அன்று திண்டிவனத்தில் சீனுவாசன் என்பவர் கடைக்கு மூவரும் போனோம். நான் பை தூக்க மட்டும். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் வேலை முடிந்தபின் போக வேண்டும் என்று செல்வி சொல்லிவிட்டார். மலைக்குப் போடும் தடித்த காலுறையையும் கொண்டுபோனோம். உட்கார்ந்து பார்த்தால் போதாதாம், எழுந்து நின்று பார்க்க வேண்டுமாம். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம், குதிகாலோ அசையவே கூடாது. அவளுக்கு வலது காலைவிட இடது கால் ஒரு நூல் பெரிது என்பதை அன்றுதான் நாங்கள் அறிந்தோம். பெரிய காலுக்குத்தான் எடுக்க வேண்டும். அடிப்பாகம் விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வேண்டாம். பசை மட்டும் போட்டு ஒட்டியதைச் செல்வி தொடவில்லை, தையலைத் தேடினார். சேற்றுக்கு ஆழமான பல், பாறைக்கு வழுக்காத ரப்பர், கல் உடைக்காதவளுக்கு இரும்பு முனை எதற்கு என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது. கலைப்பிரியா கடையின் மாடிப்படியைப் பதினொரு முறை ஏறி இறங்கினாள். ஆறாவது முறையில் சீனுவாசன், "படி தேயுதும்மா, ஜல்தியா ஒண்ணு எடுங்க" என்றார். இறங்கும்போது விரல் இடிக்காத ஒன்று கிடைக்கும்வரை அவள் எடுக்கவில்லை. எண் ஐந்தரை.

9. முதலில் அதை வீட்டுக்குள் போட்டுப் பழகினாள். பிறகு கரும்பு வயல், ஏரிக்கரை. நேற்று, ஞாயிறு, அதே பதினான்கு கிலோமீட்டர், அதே எட்டு கிலோ. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். நேரம் பார்த்துக் குறித்தவர் செல்வி. நான் மலையடிவாரத்தில் மல்லாட்டை உடைத்துக் கடலை தின்றுகொண்டு மேற்பார்வை செய்தேன். குதிகாலில் ஒரு சிவப்புகூட இல்லை.

10. தங்கள் அறிவிப்பின் ஆறாம் விதி, தேர்வரின் "கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம்" இருந்தால் மறுதேர்வு உண்டு என்கிறது. அந்தக் காரணம் நானே என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். என்னைக் கட்டுப்படுத்த முடியாது என்பதற்கு என் அக்காள் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். நீதிபதி நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்.

ஆகவே, 20.02.2026 அன்று பட்டியல் இறுதியாகும் முன் கலைப்பிரியாவுக்கு ஒரு நாள் ஒதுக்கி மறுதேர்வு நடத்துமாறும், பழைய சீட்டில் "உடல்திறன் போதாது" என்பதை அடித்து "பூட்ஸ் பொருந்தவில்லை" என்று திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

"தாழ்மையுடன்" என்று எழுதிவிட்டுத்தான் அவளிடம் வாசித்துக் காட்டினேன். எடுக்கச் சொல்லிவிட்டாள். "எனக்காகக் கெஞ்சாதீங்க மாமா. நாள மட்டும் குடுக்கச் சொல்லுங்க, நான் நடந்துக்கறேன்" என்றாள். எடுத்துவிட்டேன், ஐயா. நாள் மட்டும் கொடுங்கள்.

இடம்: காணை
நாள்: 09.02.2026

தங்கள் ஆணையை எதிர்நோக்கும் மனுதாரரும் எதிர்மனுதாரருமான,
(ஒப்பம்)
வே. கண்ணையன்

இணைப்பு:
அ) தேர்வுச் சீட்டின் நகல்.
ஆ) நேற்றைய நடை நேரம் குறித்த ஆரோக்கியசெல்வியின் கையெழுத்திட்ட குறிப்பு.