எண்ணெய் குடிப்பது யார், மதினி?

திட்டிக்கொண்டே என் தட்டில் வெஞ்சனம் வைக்கிற என் மதினிக்கு,

எனக்கும் ஒன்று வந்திருக்கிறது. இடது மார்பில், உனக்கு வந்த அதே இடத்தில். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுக் கட்டிதான். முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் சொன்னால் அழுதுவிடுவார்கள். உன்னால் இனி அழ முடியாது பார்.

மற்றபடி இங்கே எல்லாரும் நலம். அண்ணன் ஆத்தூர்த் தோட்டத்தில் கத்திரி போட்டிருக்கிறார். பேகம்பூரில் என் வடைச்சட்டி வழக்கம்போலக் காய்கிறது. உன் படத்துக்கு மாலை போட்டாயிற்று. படத்தில் உம்மென்று இருக்கிறாய். ஸ்டுடியோக்காரனிடம் கொஞ்சம் சிரிப்பை ஒட்டித் தரச் சொன்னேன். முடியாதென்று சொல்லிவிட்டான்.

உன் கட்டிக்கு ஊசி போட்ட அந்த டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறதா? ராத்திரி தூக்கம் வராமல் லைட்டையும் டிவியையும் போட்டுக்கொண்டே கிடக்கிறேன் என்று நீதான் பேச்சை ஆரம்பித்தாய்.

"லைட்டை அணைச்சிட்டுப் படுங்கம்மா. இருட்டுலதான் மெலடோனின்னு ஒண்ணு நம்ம தலைக்குள்ள சுரக்கும். எலிகளுக்கு வந்த கட்டியில பாத்திருக்காங்க. ராத்திரி நல்ல இருட்டா இருந்தா, அந்தக் கட்டி ரத்தத்துல ஓடுற கொழுப்பை அம்புட்டா இழுக்கிறதில்ல. வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா இழுத்து இழுத்து வளருது."

"அப்ப அதுவும் நம்ம வடை மாதிரிதான் டாக்டரம்மா. எண்ணெய் குடிக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஆனா மனுசங்களுக்கு இன்னும் உறுதியாத் தெரியாது. ஊசியை மட்டும் விட்றாதீங்க" என்றார்.

நீ சிரிக்கவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தாய். இன்வெர்ட்டரில் மினுக்குகிற பச்சைப் புள்ளிமேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாய். "என்ன மதினி, மிசினுக்குக் கல்யாணமா?" என்று கேட்டேன். அடுத்த ஊசிக்கு ஆட்டோ வந்து நின்றபோது இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

"நீ போடி. நான் இதைப் பட்டினி போட்டே கொல்லுறேன்."

அண்ணன் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். ஆட்டோ வெறுமனே திரும்பிப் போனது. அதன்பிறகு எத்தனை முறை!

நீ போனபிறகு, நீ கிடந்த இடத்தில் விளக்கு வைத்தோம். காரியம் முடியும்வரை அணையக் கூடாதே. எனக்கு வெளிச்சமே வைக்காதீர்கள் என்று நீ சொல்லியிருந்தாய்தான். "வழி தெரியாமத் தடுமாறுவா தாயி" என்று அண்ணன் கேட்கவில்லை. எண்ணெய் ஊற்றுகிற வேலை எனக்கு.

ததும்பத் ததும்ப ஊற்றுவேன். கொஞ்ச நேரத்தில் விளக்கின் அடி தெரியும். காற்று இல்லை, ஒழுக்கு இல்லை, திரியும் சின்னத் திரிதான். எலி என்றார் அண்ணன். பொறி வைத்தோம். ஒன்றும் விழவில்லை. "தாளிச்ச குழம்பே ஆகாதுன்ன, இப்ப இந்தக் குடி குடிக்கிறியே மதினி" என்று நான்தான் வாயை அடக்காமல் சொன்னேன்.

சொன்ன மாத்திரத்தில் என் கை நின்றுவிட்டது. வெளிச்சத்தில் எண்ணெய் குடிக்கிறது எது? நீ செத்துப்போனாய். அது செத்ததா?

திரியை நசுக்கி அணைத்தேன். வெளியே இன்னும் பொழுது சாயவில்லை. உள்ளே, உன் கறுப்புத் துணியின் புண்ணியத்தில், என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்போது தரையோரமாக ஒரு மூச்சு கேட்டது. ரொம்ப நாள் கழித்து அசந்து தூங்குகிறவர்கள் விடுவார்களே, அப்படி. அண்ணன் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

"மதினி?" என்றேன். மூச்சு நின்றது.

அண்ணன் வருவதற்குள் விளக்கை மறுபடி ஏற்றிவிட்டேன். அவசரத்தில் பாதி எண்ணெய் புடவையில்.

கட்டி ஒன்றும் தாவி வந்து ஒட்டிக்கொள்ளாது. மூணாங்கிளாஸ் படித்த எனக்கே அது தெரியும். ஆனாலும் கைக்கு அது தட்டுப்பட்ட நாளிலிருந்து நான் உன் அறையில்தான் படுக்கிறேன். எவ்வளவு சுகமான இருட்டு மதினி! படுத்தால், என்ன அவசரம், பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அந்த மூச்சும் கேட்கிறது. முதலில் சுவரோரம் கேட்டது. பிறகு பாயோரம். நேற்று நான் மூச்சை இழுக்கும்போது அதுவும் இழுத்தது, நான் விடும்போது அதுவும் விட்டது. நான் அடக்கிப் பார்த்தேன். அது அடக்கவில்லை.

உனக்கும் இப்படித்தான் இருந்ததா? அதனால்தான் ஆட்டோ வந்தபோதெல்லாம் எழுந்து வரவில்லையா?

மேலே இருப்பது நேற்று எழுதியது. இன்று காலையில் வடைக்கு மாவாட்டும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, மதினிக்கு வந்தது எனக்கும் வந்திருக்கும்போல."

அவர் அழவில்லை. எழுந்து உன் அறைக்குப் போனார். துணி கிழிகிற சத்தம் கேட்டது. ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். "நாளைக்குக் கடைக்கு லீவு விடு. நீ வரமாட்டேன்னா தூக்கி ஆட்டோவுல போடுவேன்."

"என்னைத் தூக்குற தெம்பு இருக்காண்ணே உங்களுக்கு?"

அப்போதுதான் அழுதார்.

ராத்திரி லைட்டை அணைத்துத் தூங்குவேன் மதினி, அந்த அளவுக்கு உன் பேச்சைக் கேட்கிறேன். ஆனால் பகலில், அந்த டாக்டரம்மா முன்னால், ஜாக்கெட்டைக் கழற்றி இதைக் காட்டுவேன். ஊசி என்றால் ஊசி. கத்தி என்றால் கத்தி. ஒரு ஆட்டோவையும் வெறுமனே திருப்பி அனுப்பமாட்டேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம். இப்போது இதை எழுதும்போதும் என் தோளுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்கிறது. அது நீ என்றால், நிம்மதியாகத் தூங்கு. நீ இல்லை என்றால், நான் எழுதியதை அது படித்திருக்கும். படிக்கட்டும்.

செத்தும் உன்னைக் கேலி பேசாமல் விடாத,
உன் நாத்தனா