காலியாக விட்ட கோல்

டயர் கடைக்காரர் என் காரின் பின்பக்கத்தைத் திறந்து, ஸ்பேர் டயருக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். முடிச்சை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெந்த ரப்பர், பழைய வியர்வை, தைலம், மூன்றும் கலந்த அந்த வாடை செபராங் ஜெயாவின் மத்தியான வெயிலில் என்னிடம் வந்து சேர்ந்தபோது, நீ என் பின்னால் நிற்கிறாய் என்றே நினைத்தேன்.

"அண்ணே, கிளவ்ஸ் கெட்டுப்போச்சுலா. குப்பையில போட்டுறவா?"

"வேணாம் தம்பி. ஆளு இருக்காரு," என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

நீ கோல்கீப்பர். நான் உனக்கு முன்னால் இடது பக்கம் நிற்கும் டிஃபெண்டர். இத்தனை வருஷம் சேர்ந்து ஆடியும், ஆட்டத்தில் உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. உன் குரலைத்தான் எனக்குத் தெரியும். "கீப்பரத் திரும்பிப் பாக்குறவன் டிஃபெண்டரே இல்லடா. நீ முன்னால பாரு. பின்னால நான் இருக்கேன்" என்பாய். பந்து உனக்கு வேண்டுமென்றால் ஒரே சொல்தான்: "என்னுது!" அதைக் கேட்டதும் நாங்கள் காலைத் தூக்கிவிட வேண்டும். ஒரே ஒருமுறை நான் யோசித்தேன். இருவரும் மோதி உன் முன்பல் போயிற்று. அதற்கப்புறம் நான் யோசித்ததில்லை.

நம் கிளப்பின் கதையை உன்னைப்போல் இழுத்துச் சொல்ல ஆளில்லை. நீ ஆரம்பித்தால் குடிக்க வாங்கிய தே தாரே டீ ஆறி ஆடை கட்டிவிடும். பத்து காவான் என்ற நம் செம்பனை மரத் தோட்டத்துக்கு மேனேஜராக வந்த ஸ்காட்லாந்துத் துரை ஒருவர், தன் ஊர் நினைப்பில் நம் தாத்தாக்கள் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார் என்பதுதான் விஷயம். ஆனால் நீ அந்த ஊரிலிருந்து தொடங்குவாய். மலைச்சரிவில் ஒரு சின்னக் கிராமம். அதன் பெயரை நீ ஒருவன்தான் சரியாகச் சொல்வாய். அது சரிதானா என்று சொல்ல அங்கிருந்து யாரும் வந்ததில்லை. கல்குவாரி வேலைக்காரர்கள் ஆரம்பித்த கிளப். திடலே சாய்வு, முதல் பாதி மேட்டை நோக்கி ஆடினால் மறுபாதி பள்ளத்தை நோக்கி. ஆடுகளை விரட்டிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும்.

ஒருநாள் குவாரியில் பாறை சரிந்து அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர் இறந்துபோனார். அடுத்த ஆட்டத்தில் அவர் நிற்கிற இடத்தில் யாரும் நிற்கவில்லை. பந்து முதல் தடவை கோட்டுக்கு வெளியே போகும்வரை அந்த இடம் அவருடையது. அதன் பிறகே மாற்றாள் அங்கே வந்து நிற்பார். அரக்கு நிற ஜெர்சியோடு இந்த வழக்கத்தையும் துரை கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார். துரை போனார், செம்பனை போனது, தோட்டமே போய்த் தொழிற்சாலை வந்தது. நாம் செபராங் ஜெயா அடுக்குமாடிகளுக்குப் போய் நகராட்சித் திடலில் ஆடினோம். வழக்கம் மட்டும் கூடவே வந்தது. எதிரணிக்காரர்களும் சங்கதி தெரிந்து முதல் உதையிலேயே பந்தை வெளியே தட்டிவிடுவார்கள். அரை நிமிஷ வேலை.

ஞாயிறு காலைகளில் ஃபெரி ஏறி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அன்சாரியின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போவோமே. அன்சாரிதான் உனக்கு முன்னால் நிற்கும் இன்னொரு டிஃபெண்டர். அங்கே உட்கார்ந்து முந்தின நாள் அந்த ஸ்காட்லாந்துக் கிளப் ஆடியதைக் கைபேசியில் பார்ப்பாய். மழை, குடை பிடித்த கொஞ்சம் பேர், ஒரு நாய். பெரும்பாலும் தோற்பார்கள். "நம்ம ஆளுங்க தோத்துட்டாங்கடா" என்று அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

அந்த வழக்கத்தை அவர்கள் எப்போதோ கைவிட்டார்கள் என்று எங்கோ படித்துவிட்டு வந்த காலையில், நீ சோற்றில் கையே வைக்கவில்லை.

"ஆளில்லாம ஆடுனா கோல் வாங்கிருவோம்னு நிறுத்திட்டாங்களாம். அப்ப இனிமே நம்மதான் ஒரிஜினல். நான் போனாலும் இடம் காலியா இருக்கணும், சொல்லிட்டேன்."

அன்சாரி சிரித்தான். "கீப்பர் செத்தா கோலையே காலியா விடணும்லா! நீ வேற பொசிஷனுக்கு மாறிட்டுச் சாவு மச்சான்."

நீதான் அதிகம் சிரித்தாய்.

பிறகொரு நாள், ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிற்சாலை பஸ்ஸில் நீ கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் இறங்கிய பிறகும் நீ இறங்கவில்லை. வழியில் எங்கே உன் இதயம் நின்றது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு தூரமும் நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பழக்கிய பழக்கம்.

அடுத்த ஆட்டம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். டிரா செய்தால் லீக்கில் இருப்போம், தோற்றால் வெளியே. வெளியே போனால் கிளப்பே இல்லை. ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது அந்த லீக் ஒன்றுதான்.

மேனேஜர் மணியம் அண்ணன் தயங்கினார். "கோல காலியா விட்டு ஆடுறதா? இன்னிக்கி வேணாம்லா."

"அவன் கேட்டான் அண்ணே," என்றேன்.

அவர் எதிரணித் தலைவனிடம் போனார். நல்ல பையன். "ஓகே அங்கிள், நாங்க பந்த வெளிய அடிச்சிடுறோம்," என்றான். கோல் போனால் கோல்தான், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது என்று நடுவர் சொல்லிவிட்டார். மாற்றுக் கீப்பர் மூலைக் கொடி அருகே போய் நின்றுகொண்டார். உன் கையுறைகளை நான்தான் இடது கம்பத்தடியில் வைத்தேன்.

விசில் ஊதியதும் அந்தத் தலைவன் பந்தைப் பக்கவாட்டில் தட்டினான், வாங்குபவன் வெளியே அடித்துவிடுவான் என்று. வாங்கியவன் கடைசி நேரத்தில் ஓடி வந்து ஜெர்சி மாட்டியவன், விஷயம் தெரியாது. அவன் கண்ணுக்கு ஆளில்லாத கோல் தெரிந்தது, உதைத்தான். வேகமே இல்லை. புல்லில் உருண்டு நேராக என்னிடம்தான் வந்தது. காலை நீட்டினால் போதும்.

"என்னுது!"

நினைவில் அல்ல, என் பின்னால். கொஞ்சம் கரகரப்போடு, வலது காதை ஒட்டி. நான் காலைத் தூக்கிவிட்டேன்.

வலை அசைகிற சத்தம் கேட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்டத்தின் நடுவில் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். வலைக்குள் பந்து. கம்பத்தடியில் கையுறைகள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதும், எரித்துவிட்டு வந்து குளித்தபோதும் எனக்கு உறைக்காதது அங்கே உறைத்தது. நீ இல்லை.

அடித்தவனுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டான். பதிலுக்கு ஒரு கோல் விட்டுக்கொடுக்கிறோம் என்று அவர்கள் தலைவன் வந்து நின்றான். மணியம் அண்ணன் அவன் தோளைத் தட்டி, "வேணாம் தம்பி. கோலு கோலுதான். நாங்க அடிச்சுத் திருப்புறோம்," என்றார். முட்டி மோதிப் பார்த்தோம், திருப்ப முடியவில்லை. அந்த ஒரு கோலில் கிளப் முடிந்தது. "சும்மா உருண்டு வந்த பந்துலா, கால வைக்கலியே!" என்று நம் ஆட்களே கேட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அன்சாரி கடைக்குப் போனேன். சோற்றின்மேல் குழம்பை ஊற்றித் தட்டை வைத்துவிட்டு, அவனும் எதிரில் உட்கார்ந்தான்.

"நீ ஏன் காலத் தூக்குனேன்னு எல்லாரும் கேக்குறாங்க. உன் பின்னாடிதானே நான் ஓடி வந்தேன், நான் ஏன் நின்னேன்னு ஒருத்தனும் கேக்கல."

"ஏன் நின்ன?"

"என்னுதுன்னான் மச்சான்."

அவன் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். என்னுது என்றாயே, ஏன்டா பிடிக்கவில்லை? உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. தூங்கப் போகுமுன் உன்னைத் திட்டியிருக்கிறேன். பத்து காவான் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றுகிற இடத்தில், நம் பழைய கோல் இங்கேதான் இருந்தது என்று கைகளை விரித்து நின்று காட்டுவாயே, அந்த இடத்தைத் தினமும் கடக்கிறேன். அங்கே முதுகு சில்லென்கிறது. ஆனாலும் திரும்புவதில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கண்டது போதும்.

டயர் மாற்றி முடிந்ததும் பையைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. கையுறைகளை எடுத்துப் பின் சீட்டில் வைத்தேன். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். கார் முழுக்க உன் வாடை.

கிளப் போனது போகட்டும். அந்த இடம் உன்னுடையது, பந்தும் உன்னுடையது. நாளைக்கே அதே பந்து உருண்டு வந்து, பின்னால் இருந்து நீ கூப்பிட்டால், நான் மறுபடியும் காலைத் தூக்குவேன்.