கொலுசுக் குட்டு

1955 பிப்ரவரி 9, புத்தூர்

திருப்பதி சர்க்கார் தையல் நிலையத்துக்கு ஒரு மெக்கானிக் வேண்டுமாம். ஒரே ஒருவர். பரீட்சைக் கடிதம் எனக்கும் வந்தது, என் தங்கை சுந்தரியின் புருஷன் செங்கல்வராயனுக்கும் வந்தது. இருவருக்கும் ஒரே பட்டறைதான். ஆனால் மிஷின் ரிப்பேருக்கு வருகிற ஒருவனாவது என்னைக் கேட்டதுண்டா? "செங்கலு இல்லியா?" என்பான். இருக்கிறேனே நான், மரம் மாதிரி!

பிப்ரவரி 12

பரீட்சையில் பட்டாளம் ஏலம் விட்ட பழைய மிஷின்கள் ஆறு இருக்கும். பெயர்த் தகடு எதிலும் இருக்காது. எது என்ன மிஷின், என்ன தையல் போடும் என்று சொல்ல வேண்டும். கேள்வியெல்லாம் தெலுங்கில். ஆந்திரா தனியானதிலிருந்து அப்படித்தானே. நான் நாராயணவனத்தில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். செங்கல்வராயனுக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு, அதுவும் அரைகுறை. தமிழ் ஊர்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி இன்று ஊர்வலத்தில் கொடி பிடித்துக்கொண்டு போனான். போகட்டும்.

பிப்ரவரி 20

செங்கல்வராயன் தையல் பெயர்களைத் தெலுங்கில் சொல்லச் சொன்னான். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'கொலுசு குட்டு' என்ற இடத்தில் நிறுத்திச் சிரித்தான். "கொலுசுக்கு இன்னாத்துக்கு மச்சான் தலையில குட்டு?"

தெலுங்கில் கொலுசு என்றால் சங்கிலி. குட்டு என்றால் தையல். சங்கிலித் தையல், அவ்வளவுதான். மூட்டை தைக்கிற மிஷின் போடுவது. அடியில் பாபின் கிடையாது, ஒரு கொக்கிதான். முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்து வந்துவிடும். அந்த மிஷினை அவன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவான்.

"கால்ல கொலுசு போடற எடம் இருக்குல்ல, பேண்ட்டோட அடி. அங்க போடற தையல்" என்றேன்.

"அப்போ குழா மாதிரி கை நீட்டிக்கினு இருக்குமே, அந்த மிஷினு" என்று அவனே முடித்துக்கொண்டான்.

வாயில் தானாக வந்துவிட்டது. தானாகவா? இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

மார்ச் 3, திருப்பதி

எது என்ன மிஷின் என்று ஆறையும் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டான். கடைசியில் தையலுக்கு வந்தார் அதிகாரி. "கொலுசு குட்டு ஏ மிஷினு?" என்றார், எந்த மிஷின் என்று. குழாய்க்கை மிஷினைக் காட்டினான். அவர் மறுபடி கேட்டார். புரியவில்லை போலும் என்று நினைத்து, குனிந்து தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 19

வேலை எனக்கு.

மார்ச் 22

சுந்தரி பாயசம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். "நம்ம வூட்ல ஒருத்தருக்காச்சும் கெடைச்சுதேண்ணா. அவரையும் கூட வச்சிக்கோயேன்." எண்ணெய் போட ஓர் ஆள் வேண்டும்தான். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

மே 6, திருப்பதி

செங்கல்வராயன் பெயருக்குத்தான் எண்ணெய் போடுகிறவன். ரிப்பேரெல்லாம் அவன்தான், கையெழுத்து நான். தையல் படிக்கிற பெண்கள் முன்னால் அவனைக் 'கொலுசு' என்று கூப்பிட்டேன். இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் "இன்னா?" என்று வந்து நிற்கிறான்.

ஜூலை 14

மூட்டை மிஷினில் தைத்த துணியை ருக்மணி அவனிடம் நீட்டினாள். தையல் படிக்கிற தெலுங்குப் பெண், கொஞ்சம் தமிழ் பேசுவாள். "சங்கிலி மாதிரி இருக்குதே, இதானே கொலுசு குட்டு?"

அவன் துணியை வாங்கினான். நூல் முனையைப் பிடித்து இழுத்தான். கடைசித் தையல்வரை பிரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

கேட்டிருக்கலாம். பதில் தயாராக வைத்திருந்தேன் — தெலுங்கு ராஜ்யத்தில் தெலுங்கு படிக்காதது யார் குற்றம்? அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜூலை 18

நான்கு நாளாக வரவில்லை. மூன்று மிஷின்கள் நின்றுவிட்டன. நாலாவது "துணிய துன்னுது" என்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. நாளை அதிகாரி வருகிறார். வரச் சொல்லிப் புத்தூருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். வருவான். சுந்தரி அனுப்பிவைப்பாள்.

ஜூலை 19

சுந்தரி வந்தாள். தனியாக. அதிகாரி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"சார், எங்க வூட்டுக்காரரு இனிமே வேலைக்கு வர மாட்டாரு" என்றாள்.

சார்! என்னை!

யார் இந்த அம்மா என்று அதிகாரி தெலுங்கில் கேட்டார். எண்ணெய் போடுகிறவன் பெண்டாட்டி என்று நானும் தெலுங்கில் சொன்னேன். அந்தத் தெலுங்கு அவளுக்குப் புரிந்தது.