கலரு மாறும்

அப்பா,

இன்று அறிவியல் வகுப்பில் ஆசிரியை சோதனைக் குழாயில் தண்ணீர் போன்ற எதையோ ஊற்றி, அதன் மேல் இன்னொரு திரவத்தை இரண்டு சொட்டு விட்டார். குழாய் முழுக்கச் செம்மஞ்சளாகச் சிவந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் கைப்பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கேட்டவர்களிடம் தலைவலி என்றேன்.

உங்களுக்கு டி.பி. என்று சொன்ன நாளில் நாம் இருவரும் மலையிலிருந்து அமிர்திக்கு நடந்து இறங்கி பஸ் ஏறிப் போயிருந்தோம். டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தவர், இது புது மருந்து, முன்பெல்லாம் வருடக்கணக்கில் ஊசி போடவேண்டியது இனி சில மாதங்களில் முடிந்துவிடும் என்றார். இரண்டு மாத மாத்திரையைப் பொட்டலம் கட்டினார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "போவச்சொல்ல கலரு மாறும், பயப்படாதீங்க" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "போவப்போவ மேனி கலரு மாறுமாம்" என்றீர்கள்.

அம்மா அடுப்பிலிருந்து தலை தூக்கவில்லை. "ஆமா, மாப்ள கணக்கா ஆவப் போறாரு. பொண்ணு பாக்கட்டுமா?"

சிரிப்பில் உங்களுக்கு இருமல் வந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று மாலை என் பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள். காசநோய் சாபத்தால் வருவதல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் வருவது என்று ஒரு விஞ்ஞானி நுண்ணோக்கியில் கண்டுபிடித்ததைப் படித்தேன். கிருமி தெரிந்த பிறகும் அதைக் கொல்லும் மருந்து இல்லாமல் ஒரு தலைமுறைக்கு மேல் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மருந்து கிடைத்தது மண்ணில் வாழும் இன்னொரு நுண்ணுயிரிலிருந்து.

"மண்ணுலயா?"

"மண்ணுலதாம்பா."

"நாளெல்லாம் மண்ணக் கொத்தறோம், நம்ம கையில சாமைதான் வருது" என்றீர்கள். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னீர்கள்.

மூன்றாம் நாள் காலை புளியமரத்துப் பக்கமிருந்து வந்து என்னைத் தனியே கூப்பிட்டீர்கள். "பாப்பா, ரெண்டு நாளா ஒண்ணுக்கு ரத்தமா போவுது. அம்மாகிட்ட சொல்லாத. புஸ்தகத்துல இன்னா போட்டுக்குதுன்னு பாரு."

பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த உடல்நல நூலில் தேடினேன். சிறுநீர் சிவந்தால் உள்ளே இரத்தக் கசிவு, உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. அந்த நூல் உங்கள் மாத்திரைக்கு முந்தியது என்பது எனக்குத் தோன்றவில்லை. அச்சில் இருந்தது, அதனால் நம்பினேன்.

"மாத்திரதாம்பா ரத்தத்த எறக்குது. நிறுத்திடு."

"அறுப்பு முடியட்டும், கீழ போய் கேட்டுக்கலாம்" என்று மாத்திரைகளைக் கொல்லையில் புதைத்தீர்கள். அம்மா கேட்டபோதெல்லாம் போட்டாயிற்று என்றோம். சாமை அறுப்பு முடிவதற்குள் நிஜ இரத்தம் வந்தது, வாய் வழியாக.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபமாகக் கேட்டார். "அது மருந்தோட நிறம்ங்க. ஒண்ணுக்குப் போறப்ப சிவப்பா வரும்னு சொல்லலையா? யார் நிறுத்தச் சொன்னது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாத்திரை கொடுத்தவர் 'போவச்சொல்ல' என்றது போகும்போது என்ற பொருளில்தான்; பெண்பிள்ளை நிற்கிறதே என்று 'ஒண்ணுக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கியிருந்தார். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நானாதாங்க நிறுத்தினேன். கசந்துது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "வூட்ல சொல்லாத. உன் படிப்ப நிறுத்திடுவா." மறுபடி மாத்திரை தொடங்கியும் உங்கள் நுரையீரலில் மருந்துக்கு வேலை செய்ய இடம் மிச்சமிருக்கவில்லை. மழை முடிந்த வாரத்தில் போய்விட்டீர்கள்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். அதன் பலன் வேறு மாதிரி வந்தது. "மருந்து துன்ன மனுசனே பூட்டான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போன மாதம் அடுத்த வீட்டுச் சின்னம்மாவுக்கும் அதே இருமல். அதே மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அவர் தொடவில்லை.

"உங்க அப்பா முழுங்காத மாத்திரையாடி? இன்னா ஆச்சி?"

அவர் மடியில் கைக்குழந்தை இருந்தது. அம்மா பக்கத்தில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா முழுங்கல சின்னம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஒண்ணுக்கு செவப்பா போவும். அது ரத்தம் இல்ல, மருந்து."

சின்னம்மா அன்றே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அம்மா புளியைத் தட்டோடு கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். நான்கு நாள் என்னிடம் பேசவில்லை.

இன்று காலை கேட்டாள். "என்கிட்ட எதுக்கு மறச்சாரு?"

"நீ என் படிப்ப நிறுத்திடுவேன்னு பயந்துகினாரு."

அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நிறுத்திதான் இருப்பேன்" என்றாள். பிறகு கூழை ஊற்றி என் முன்னால் வைத்தாள். "ஸ்கூலுக்கு நேரமாவுது. துன்ட்டு போ."

போனேன், அப்பா. இதுவரை நீங்களும் நானும் மட்டும் வைத்திருந்த பாரத்தில் இப்போது அம்மாவுக்கும் பங்கு வந்துவிட்டது. பகிர்ந்தால் குறையும் என்று நினைத்திருந்தேன். என் பங்கு அப்படியேதான் இருக்கிறது.